உன் சந்தேகத்தை யாரிடத்தில் கொண்டுபோகிறாய்?





இந்த மாதம் ஒரு கேள்வியைக் குறித்து உங்களோடு பேச வாஞ்சிக்கிறேன். சாட்சி நேரத்தில் யாரும் எழும்பிச் சொல்லாத கேள்வி இது. ஆராதனை முடிந்து, எல்லாரும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பின பிறகு, ஒருவர் மட்டும் வாசலில் தயங்கி நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்பார். "பாஸ்டர், கொஞ்ச நாளா எனக்கு ஜெபமே வரமாட்டேங்குது. ஆண்டவர் கேட்கிறாரா இல்லையான்னே தெரியல. இப்படி நினைக்கிறதே பாவமா?"

இதைக் கேட்கிறவர்கள் பின்மாற்றக்காரர் அல்ல. ஞானஸ்நானம் எடுத்து பத்து வருஷம், இருபது வருஷம் ஆனவர்கள். அபிஷேகம் பெற்றவர்கள். தசமபாகம் தவறாதவர்கள். அப்படிப்பட்ட ஒரு சகோதரனுடைய மனைவிக்கு சிறுநீரகம் பழுதாகி, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார்கள். நாங்கள் உபவாசித்தோம். எண்ணெய் பூசி ஜெபித்தோம். சுகம் உண்டு என்று தீர்க்கதரிசனம் சொன்னவர்களும் உண்டு. ஆனாலும் அந்தச் சகோதரி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். அடுத்த ஞாயிறு இந்தச் சகோதரன் சபைக்கு வந்தார். எல்லாரும் கைதட்டிப் பாடினபோது அவரால் கையைத் தூக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த ஒருவர், ஆறுதல் சொல்வதாக நினைத்து, "எங்கேயோ விசுவாசம் குறைஞ்சிருக்கும் பிரதர்" என்று சொல்லிவிட்டார்.

பிரியமானவர்களே, ஏற்கெனவே மனைவியை இழந்த மனுஷன் அன்றைக்குத் தன் விசுவாசத்தையும் இழந்துவிட்டோமோ என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். ஆகவே இந்தக் கேள்வியை நாம் சும்மா விட்டுவிட முடியாது. சந்தேகம் பாவமா? சந்தேகப்படுகிறவன் அவிசுவாசியா? வேதம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம், வாங்க.

சிறைச்சாலையிலிருந்து வந்த கேள்வி

மத்தேயு 11-ம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யோவான் ஸ்நானன் சிறையில் இருக்கிறார். அந்தச் சிறை சவக்கடலுக்குக் கிழக்கே மலைமேல் இருந்த மகேருஸ் என்னும் ஏரோதின் கோட்டை என்று யூத சரித்திர ஆசிரியர் யோசிபஸ் எழுதியிருக்கிறார். இன்றைக்கு அது யோர்தான் தேசத்தில் இருக்கிறது. வனாந்தரத்தில் காற்றோடும் வெயிலோடும் வாழ்ந்த தீர்க்கதரிசி, நான்கு சுவருக்குள் அடைபட்டுக் கிடக்கிறார்.

இந்த யோவான் யார்? யோர்தான் ஆற்றில் இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர். ஆவியானவர் புறாவைப்போல இறங்கினதைக் கண்டவர். இவரே தேவ ஆட்டுக்குட்டி என்று விரல் நீட்டிக் காட்டினவர். இதைவிடப் பெரிய அனுபவம் யாருக்கு உண்டு? அந்த மனுஷன்தான் தன் சீஷரில் இரண்டுபேரை இயேசுவினிடத்தில் அனுப்பி, வரவேண்டியவர் இவர்தானா, இல்லை இன்னொருவருக்காக நாங்கள் காத்திருக்க வேண்டுமா என்று விசாரிக்கச் சொல்லுகிறார்.

சில பிரசங்கிமார், யோவான் தமக்காகக் கேட்கவில்லை, சீஷருக்காகத்தான் கேட்டார் என்று விளக்கம் சொல்லுவார்கள். ஆனால் ஆண்டவர் கொடுத்த பதிலைக் கவனியுங்கள். போய் யோவானுக்கு அறிவியுங்கள் என்றுதான் அவர் சொன்னார். கேள்வி யோவானுடையது. பதிலும் யோவானுக்கே.

அந்தப் பதிலில் ஒரு காரியம் என்னை வெகுநாளாய் நிறுத்தி வைத்திருக்கிறது. குருடர் பார்வையடைகிறார்கள், சப்பாணிகள் நடக்கிறார்கள், குஷ்டரோகிகள் சுத்தமாகிறார்கள், செவிடர் கேட்கிறார்கள், மரித்தோர் எழுந்திருக்கிறார்கள், தரித்திரருக்குச் சுவிசேஷம் அறிவிக்கப்படுகிறது என்று ஆண்டவர் ஒவ்வொன்றாய்ச் சொல்லுகிறார். இவை ஏசாயா 35-லும் 61-லும் இருக்கிற வாக்குத்தத்தங்களை நினைப்பூட்டுகிறவை. ஆனால் ஏசாயா 61:1-ல் இன்னொன்றும் இருக்கிறது. சிறைப்பட்டவர்களுக்கு விடுதலை! நாசரேத்து ஜெபஆலயத்தில் ஆண்டவர் தாமே அதை வாசித்தார் (லூக்கா 4:18). சிறையில் இருக்கிற யோவானுக்கு அனுப்பின பதிலில் மட்டும் அது இல்லை.

வேதத்தை நன்றாய் அறிந்த யோவானுக்கு அது புரியாமலா இருந்திருக்கும்? நான்தான் மேசியா, ஆனால் உன் சிறைக்கதவு திறக்கப் போவதில்லை. அதற்காக என்மேல் இடறிப்போகாதே. இதுதான் அவருக்குக் கிடைத்த செய்தி. யோவான் விடுதலையாகவில்லை. தலை வெட்டப்பட்டு மரித்தார்.

ஆனால் அந்தச் சீஷர்கள் புறப்பட்டுப் போன உடனே ஆண்டவர் என்ன செய்தார்? "பார்த்தீர்களா, யோவானே சந்தேகப்பட்டுவிட்டான்" என்றாரா? இல்லவே இல்லை. ஜனங்களைப் பார்த்து, ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் யோவானைவிடப் பெரியவன் ஒருவனும் இல்லை என்று நற்சாட்சி கொடுத்தார் (மத். 11:11). யோர்தான் கரையில் அவர் தைரியமாய் நின்ற நாளில் அல்ல, சிறையிலிருந்து கேள்வி அனுப்பின நாளிலேயே அந்தச் சாட்சியை ஆண்டவர் கொடுத்தார். அல்லேலூயா!

சந்தேகம் வேறு, அவிசுவாசம் வேறு

இங்கேதான் நாம் ஒரு காரியத்தைப் பிரித்து அறியவேண்டும். யோவான் தன் சந்தேகத்தை எங்கே கொண்டுபோனார்? ஏரோதினிடத்தில் அல்ல. பரிசேயரிடத்தில் அல்ல. யாரைக் குறித்துச் சந்தேகமோ, அவரிடத்திலேயே கொண்டுபோனார். ஒருவரைக் கேட்டு, அவர் சொல்லுகிற பதிலை நம்புவதற்கு நான் ஆயத்தமாயிருக்கிறேன் என்றால், அவர்மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இப்போது எண்ணாகமம் 14-க்கு வாருங்கள். இஸ்ரவேல் ஜனங்கள் ராமுழுவதும் அழுதார்கள். அழுதது குற்றமல்ல. ஆனால் அவர்கள் இன்னொரு தலைவனை ஏற்படுத்திக்கொண்டு எகிப்துக்குத் திரும்பிப் போவோம் என்று ஒருவரோடொருவர் பேசிக்கொண்டார்கள் (எண். 14:4). அதுதான் அவிசுவாசம். சந்தேகம், வழி தெரியாமல் வழிகாட்டியைக் கேட்கிறது. அவிசுவாசமோ வழிகாட்டியையே மாற்றிவிடுகிறது. சந்தேகத்தின் முகம் கர்த்தரை நோக்கி இருக்கிறது, கண்ணீரோடாவது. அவிசுவாசம் முதுகைக் காட்டுகிறது, சில வேளை சிரித்துக்கொண்டே.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலபாஷையில் 'திஸ்தாஸோ' என்று ஒரு வார்த்தை உண்டு. இரண்டு பக்கமாக மனம் இழுபடுவது என்று பொருள். அது புதிய ஏற்பாட்டில் இரண்டே இடத்தில் வருகிறது. முதலாவது, தண்ணீரில் நடந்த பேதுரு (மத். 14:31). அவன் மூழ்கும்போது படகைப் பார்த்துக் கூப்பிடவில்லை, ஆண்டவரைக் கூப்பிட்டான். ஆண்டவரும் உடனே கையைப் பிடித்தார், அதற்குப் பிறகுதான் ஏன் சந்தேகப்பட்டாய் என்று கேட்டார். இந்த வரிசையை மறக்காதீர்கள். நாமோ முதலில் கேள்வி கேட்கிறோம். கை நீட்டுவதற்குள் ஆள் மூழ்கிப்போகிறான்!

இரண்டாவது இடம் மத்தேயு 28:17. உயிர்த்தெழுந்த ஆண்டவரைக் கலிலேயா மலையில் கண்டு பணிந்துகொண்டார்கள், சிலரோ சந்தேகப்பட்டார்கள் என்று எழுதியிருக்கிறது. சந்தேகப்பட்டவர்கள் தனியே நில்லுங்கள் என்று ஆண்டவர் சொல்லவில்லை. அந்தக் கூட்டம் முழுவதற்கும்தான், சகல ஜாதிகளையும் சீஷராக்கும்படி கட்டளை கொடுத்து அனுப்பினார்.

யாக்கோபு சொன்னது என்ன?

"அப்படியானால் பாஸ்டர், சந்தேகப்படுகிறவன் கடல் அலைக்கு ஒப்பானவன், அவன் ஒன்றும் பெறமாட்டான் என்று யாக்கோபு முதல் அதிகாரத்தில் இருக்கிறதே?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அந்த வசனத்தைத் தள்ளிவிட எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் 6-ம் வசனத்தை வாசிக்கிறவர்கள் 5-ம் வசனத்திலிருந்து வாசிக்க வேண்டும். ஞானத்தில் குறைவுள்ளவன் கேட்கட்டும், தேவன் கடிந்துகொள்ளாமல் கொடுக்கிறவர் என்றல்லவா அங்கே ஆரம்பிக்கிறது? எனக்குப் புரியவில்லை என்று வருகிறவனை அவர் விரட்டமாட்டார். 8-ம் வசனத்தில் அப்போஸ்தலன் கண்டிக்கிறது இருமனமுள்ளவனை. ஒரு கையைக் கர்த்தரிடத்தில் நீட்டி, மற்றக் கையால் உலகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறவனை.

இந்த எச்சரிப்பு நமக்கும் தேவை. சிலர் சந்தேகம் என்ற பேரில் பாவத்தை மூடி வைத்திருப்பார்கள். ரகசியமாய் ஒரு தவறான உறவு, கணக்கில் ஒரு பொய். அதை விட மனமில்லாமல், "எனக்கு வேதத்தின்மேலேயே சந்தேகம் வந்துடுச்சு" என்பார்கள். இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. உன்னையே கேட்டுப் பார். இன்றைக்கு ஆண்டவர் தெளிவாய்ப் பதில் கொடுத்தால், நான் கீழ்ப்படிவேனா? 'ஆம்' என்று உள்ளம் சொன்னால், பயப்படாதே, உன் சந்தேகம் உன்னை அவரிடம்தான் நடத்துகிறது. 'மாட்டேன்' என்று சொன்னால், உனக்குத் தேவை பதில் அல்ல, மனந்திரும்புதல்.

யோவானுடைய தகப்பன் சகரியாவையும் நினைத்துக்கொள்ளுங்கள். தூதன் சொன்னதை நம்பாததினால் அவன் ஊமையானான். சிட்சை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வாக்குத்தத்தம் ரத்தாயிற்றா? பிள்ளை பிறந்தது. வாய் திறந்தது. திறந்த வாயிலிருந்து துதி புறப்பட்டது. மனுஷன் தடுமாறினதினால் தேவன் தம்முடைய வார்த்தையிலிருந்து மாறிப்போகிறதில்லை.

ஜட்சன் ஐயர் உட்கார்ந்த கல்லறைக்குழி

மிஷனெரி சரித்திரத்திலும் இதற்குச் சாட்சி உண்டு. அதோனிராம் ஜட்சன் 1812-ல் அமெரிக்காவிலிருந்து கப்பல் ஏறினார். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியார் தங்கவிடாமல் துரத்த, 1813-ல் நம்முடைய சென்னைப் பட்டணம் வந்து, இங்கிருந்துதான் பர்மாவுக்குப் போனார். ஆறு வருஷம் உழைத்த பிறகே, 1819-ல், முதல் பர்மியர் ஞானஸ்நானம் எடுத்தார். 1824-ல் ஆங்கிலேயருக்கும் பர்மியருக்கும் யுத்தம் வந்தபோது, ஏறக்குறைய 17 மாதம் விலங்கு மாட்டப்பட்டுச் சிறையில் கிடந்தார். ராத்திரியில் கால்களை மூங்கிலில் கட்டி மேலே தூக்கிவிடுவார்களாம். அவருடைய மொழிபெயர்ப்புத் தாள்களை மனைவி ஆன் அம்மையார் ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்து, சிறைக்குள்ளேயே கொடுத்துக் காப்பாற்றினார்கள்.

விடுதலையானார். ஆனால் 1826 அக்டோபரில், அவர் வெளியூர் போயிருந்தபோது, ஆன் அம்மையார் மரித்தார்கள். ஆறு மாதம் கழித்து, 1827 ஏப்ரலில், இரண்டு வயதுக் குழந்தை மரியாளும் மரித்தாள். சிறைக்கு அசையாத மனுஷன் இதற்கு நொறுங்கிப்போனார். 1828-ல் காட்டுக்குள் ஒரு குடிசை கட்டிக்கொண்டு தனித்திருந்தார். ஒரு கல்லறைக்குழியைத் தோண்டி அதன் பக்கத்தில் உட்கார்ந்து, மரணத்தையே தியானித்துக்கொண்டிருந்தார். 1829-ல், மனைவியின் நினைவு நாளில், தேவன் இருக்கிறார் என்று விசுவாசித்தும் தம்மால் அவரைக் கண்டடைய முடியவில்லை என்ற கருத்தில் கடிதம் எழுதினார்.

இன்றைக்கு ஒரு பாஸ்டர் இப்படி எழுதினால் நாம் என்ன சொல்லுவோம்? ஊழியத்தை விட்டு இறங்கச் சொல்லுவோமே! ஆனால் கர்த்தர் அவரைக் கைவிடவில்லை. ஜட்சனும் தன் தேசத்துக்குக் கப்பல் ஏறவில்லை. இருள் ஒரே நாளில் நீங்கவில்லை, கொஞ்சம் கொஞ்சமாய்த்தான் விடிந்தது. 1834 ஜனவரி 31-ம் தேதி பர்மிய பாஷையில் முழு வேதாகமத்தையும் மொழிபெயர்த்து முடித்தார். மியான்மர் சபைகள் இன்றைக்கும் அதை வாசிக்கின்றன. குழியோரத்தில் உட்கார்ந்திருந்த நாட்களில் அவர் தேவனை உணரவில்லை. ஆனாலும் தேவன் அவரைப் பிடித்திருந்தார்.

சுகம் வராதபோது

நாம் தெய்வீக சுகத்தை விசுவாசிக்கிற ஜனங்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. இனிமேலும் எண்ணெய் பூசி ஜெபிப்போம். ஆனால் வேதம் முழுவதையும் விசுவாசிக்க வேண்டும். எலிசா தீர்க்கதரிசி வியாதியினாலேயே மரித்தார் (2 இராஜா. 13:14). அதே எலிசாவின் எலும்புகள்மேல் பட்டதும் மரித்த ஒருவன் உயிரடைந்தான் (13:21). தீமோத்தேயுவுக்கு அடிக்கடி உடம்பு பலவீனம் (1 தீமோ. 5:23). பவுல் அப்போஸ்தலன் துரோப்பீமுவை வியாதியோடே மிலேத்துவில் விட்டுவிட்டுப் போனார் (2 தீமோ. 4:20). இவர்களில் யாருக்கு விசுவாசம் குறைவு? சுகம் ஈவு. அது நம்முடைய விசுவாசத்துக்குக் கொடுக்கிற கூலி அல்ல. கூலியாயிருந்தால் நாம் முதலாளியைக் கணக்குக் கேட்கலாம். ஈவாயிருக்கிறபடியால், கொடுக்கிறவருடைய இருதயத்தை நம்பத்தான் முடியும். அந்த இருதயம் எப்படிப்பட்டது என்பதைச் சிலுவையில் பார்த்தோமே, அது போதாதா?

இருட்டில் இருக்கிற உனக்கு

முதலாவது, உன் சந்தேகத்தை ஜெபமாக்கு. அழகான வார்த்தை தேவையில்லை. 13-ம், 73-ம், 88-ம் சங்கீதங்களை வாசித்துப் பார். 88-ம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதையும் ஆவியானவர் நமக்கு ஜெபமாக எழுதி வைத்திருக்கிறார். உன் ஜெபம் "ஆண்டவரே, எனக்குப் புரியலையே" என்று மட்டும் இருந்தாலும் அது ஜெபம்தான்.

இரண்டாவது, சபையை விட்டுப் போகாதே. தோமா முதல் ஞாயிறு வரவில்லை, ஆண்டவரைக் காணவில்லை. எட்டு நாளைக்குப் பின்பு, சந்தேகத்தோடேயே சகோதரரோடு உட்கார்ந்திருந்தான். அங்கே ஆண்டவர் வந்தார். அந்தத் தோமாதான் நம்முடைய தேசத்துக்கு வந்து, கி.பி. 72-ல் சென்னையில் இரத்தசாட்சியாய் மரித்தார் என்று பாரம்பரியம் சொல்லுகிறது. பரங்கிமலை இன்றும் அவர் பேரைச் சுமக்கிறது. உன்னால் பாட முடியாவிட்டால், பாடுகிறவர்கள் நடுவில் சும்மா உட்கார்ந்திரு.

மூன்றாவது, உன் சரீரத்தைக் கவனி. சூரைச்செடியின்கீழ் சாக விரும்பின எலியாவுக்குத் தேவன் முதலில் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டார். அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். இரண்டுதரம் கொடுத்த பிறகுதான் ஓரேபிலே பேசினார் (1 இராஜா. 19). வாரக்கணக்காய் உறக்கமும் பசியும் இல்லையென்றால், வாழவே பிடிக்கவில்லையென்றால், தாமதிக்காமல் வீட்டாரிடம் சொல்லு, டாக்டரைப் பார். அது அவிசுவாசம் அல்ல.

நான்காவது, உனக்குத் தெளிவாய்த் தெரிகிற சின்னக் கீழ்ப்படிதலை விட்டுவிடாதே. பெரிய கேள்விக்குப் பதில் தெரியாவிட்டாலும், இன்றைக்குப் பொய் சொல்லக்கூடாது என்பது தெரியும். பக்கத்து வீட்டு விதவைத் தாயாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது தெரியும். அதைச் செய். விசுவாசம் உணர்ச்சியில் இல்லாத நாட்களில் காலில் இருக்கும்.

திடமாயிருக்கிற சபையாருக்கு

யோபுவின் சிநேகிதர் மூன்றுபேரும் ஏழு நாள் வாய் திறவாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாளும் நன்றாய் ஊழியம் செய்தார்கள். வாயைத் திறந்தபோதுதான் கெட்டுப்போயிற்று! முடிவில் கர்த்தர் யாரைக் கடிந்துகொண்டார்? கேள்விமேல் கேள்வி கேட்ட யோபுவைவிட, தேவனுக்காக வழக்காடுகிறோம் என்று நினைத்த சிநேகிதர்மேல்தான் அவருக்குக் கோபம் மூண்டது (யோபு 42:7). யோபு தேவனிடத்தில் பேசினான். இவர்கள் தேவனைக் குறித்துப் பேசினார்கள்.

ஆகவே, துக்கத்தில் இருக்கிற சகோதரனிடத்தில் "விசுவாசம் குறைவு" என்ற வார்த்தையை இனி நம்மில் ஒருவரும் சொல்லவேண்டாம். ஒரு பாத்திரத்தில் சாப்பாடு எடுத்துக்கொண்டு போங்கள். பக்கத்தில் உட்காருங்கள். அவரால் ஜெபிக்க முடியாவிட்டால், அவருக்குப் பதிலாக நீங்கள் ஜெபியுங்கள். திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரித்து நான்குபேர் இறக்கினார்களே, இயேசு யாருடைய விசுவாசத்தைக் கண்டார்? அவர்களுடைய விசுவாசத்தை (மாற்கு 2:5). சபை எதற்கு இருக்கிறது? ஒருவருடைய கை சோர்ந்துபோகிற நாளில், மற்றவர் அந்தக் கட்டிலைத் தூக்குவதற்குத்தானே!

மனைவியை இழந்த அந்தச் சகோதரன் இன்னும் கையைத் தூக்கிப் பாட ஆரம்பிக்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வருகிறார், கடைசி வரிசையில், சுவரில் சாய்ந்துகொண்டு. அவர் வருவதே எனக்குப் பெரிய சாட்சி. அவருக்கு இடம் விட்டு உட்காருங்கள்.

ஜெபம் செய்வோம். அன்பின் பரலோகப் பிதாவே, விசுவாசிக்கிறேன் என்று அழுத அந்தத் தகப்பனைப்போல, குறைவோடே உம்மண்டை வருகிறோம். எங்கள் பிடி தளர்ந்தாலும் உம்முடைய பிடி தளராது என்று நம்புகிறோம். சிறைக்கதவு திறந்தாலும் திறக்காவிட்டாலும், நாங்கள் உம்மில் இடறிப்போகாதபடி காத்துக்கொள்ளும். சோர்ந்துபோன ஒவ்வொருவரையும் கையைப் பிடித்துத் தூக்கும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், எங்கள் நல்ல பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய கிருபை உங்கள் அனைவரோடும் இருப்பதாக. மாரநாதா!

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் சகோதரன்